ஏழாண்டுக் கணக்கும் எழுத்தின் தொடக்கமும்

குழந்தைக்கு எழுத்தறிவிக்கத் தக்க காலம் எது என்னும் வினா கல்வியியலார்க்கு மட்டும் உரியதன்று; மொழியை ஆராய்வார்க்கும் உரியது. பேச்சுமொழி ஒன்றையே அறிந்த குழந்தை எழுத்துமொழிக்குக் கடந்து செல்லும் அந்தச் சில ஆண்டுகளில் நிகழ்வன யாவை எனத் தெளிந்தாலன்றி, மொழி கற்பித்தல் பற்றி நாம் உரைப்பன உறுதியான அடிப்படை பெறா. இவ்வினாவுக்கு ஐரோப்பாவில் எழுந்த விடைகளுள் ஒன்று, பாற்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும் ஏழாம் ஆண்டளவு வரை எழுத்தே வேண்டா என்பதாகும். மூன்றரை வயதுக் குழந்தையின் கையில் எழுதுகோலைத் தந்து கோடு கிழிக்கச் செய்யும் மழலையர் பள்ளிகளைக் கண்டு பழகிய நமக்கு இவ்விடை வியப்பளிப்பது; பெற்றோர் சிலர்க்கு அச்சமும் அளிக்கலாம். இவ்விடையைத் தன் கொள்கையுள் ஒன்றாகக் கொண்டு நூறாண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருவது வால்டார்ஃப் கல்விமுறை. அதன் பருவக் கொள்கை யாது, அது மொழி கற்பித்தலில் எவ்வாறு செயற்படுகின்றது, அதனுள் கொள்ளத் தக்கது எது, தள்ளத் தக்கது எது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். வால்டார்ஃப் என்பது கல்வியறிஞர் ஒருவரின் பெயரோ, கொள்கை ஒன்றின் பெயரோ அன்று. ஒரு சிகரெட்டின் பெயர். ஜெர்மனியின் பாடன் பகுதியிலுள்ள வால்டார்ஃப் என்னும் ஊரில் 1763-இல் பிறந்து, அமெரிக்கா சென்று பெருஞ்செல்வரானவர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர். அவர் ஊரும் பேரும் இணைந்து வந்தது 'வால்டார்ஃப் அஸ்டோரியா' என்னும் வணிகப் பெயர். அப்பெயர் தாங்கிய சிகரெட்டுத் தொழிற்சாலை ஒன்று ஸ்டுட்கார்ட் நகரில் இருந்தது. அதன் தலைவர் எமில் மோல்ட் என்பார். முதல் உலகப் போர் முடிந்து, முடியாட்சி வீழ்ந்து, நாடு நிலைகலங்கியிருந்த காலம் அது. 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அத்தொழிற்சாலையின் தொழிலாளர் முன்னிலையில் ருடால்ஃப் ஸ்டைனர் உரையாற்றினார். தொழிலாளி பிள்ளை ஒரு பள்ளிக்கும் செல்வர் பிள்ளை வேறொரு பள்ளிக்கும் செல்லும் முறை நீங்கி, எல்லார்க்கும் பொதுவாகிய பன்னீராண்டுக் கல்வி வேண்டும் என்பது அவர் கருத்து. தொழிலாளர் தம் மக்கட்கு அத்தகைய பள்ளியை விரும்பினர். மோல்ட் பொருள் உதவினார். அவ்வாண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் பள்ளி திறக்கப்பெற்றது. முதலிற் சேர்ந்த மாணாக்கர் 256 பேர். அவருள் 191 பேர் அத்தொழிற்சாலைக் குடும்பங்களைச் சேர்ந்தவர். ஆணும் பெண்ணும் ஒருங்கிருந்து பயின்றனர். இவ்வெண்களை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கட்டுரையின் இறுதியில் இவை மீண்டும் வேண்டப்படும்.

ஸ்டைனர் 1861-இல் அக்கால ஆஸ்திரியப் பேரரசின் எல்லைக்குள், இன்றைய குரோவேசியாவில் உள்ள ஊர் ஒன்றிற் பிறந்தவர். 1925-இல் சுவிட்சர்லாந்தின் டோர்னாக்கில் மறைந்தவர். கவிஞர் கதேயின் அறிவியல் நூல்களைப் பதிப்பித்த புலமையாளர். பதிப்பாசிரியராக இருந்த அவர் பின்னர் மறைபொருள் ஆராய்ச்சியிற் புகுந்தார். 1902-இல் பிரமஞான சபையின் ஜெர்மானியக் கிளைக்குச் செயலாளரானார். அச்சபையின் தலைமையிடம் சென்னை அடையாறு என்பதை யாவரும் அறிவர். அன்னி பெசன்ட் அம்மையார் இளைஞர் கிருஷ்ணமூர்த்தியை வரவிருக்கும் உலக ஆசானாகக் காட்டி 1911-இல் ஓர் அமைப்பு நிறுவியபோது ஸ்டைனர் அதனை ஏற்க மறுத்தார். பிணக்கு முற்றி, 1912-13-இல் தம்மைப் பின்பற்றியோருடன் பிரிந்து சென்று 'ஆந்த்ரபாசஃபி' எனத் தாம் பெயரிட்ட கொள்கைக்குத் தனிச் சங்கம் கண்டார். ஆகவே, ஸ்டுட்கார்ட் பள்ளியின் வேர்களுள் ஒன்று அடையாற்றின் கரைவரை ஓடிவந்து, அங்கே அறுபட்டது எனலாம்.

அவருடைய பருவக் கொள்கை பள்ளிக்கு முன்னரே உருவாயிற்று. 1907-இல் வெளிவந்த, குழந்தையின் கல்வி பற்றிய சிறு நூலில் அதன் வரைவைக் காணலாம். மனிதன் பருவுடல் ஒன்றால் மட்டும் ஆனவன் அல்லன். உயிர்ப்பாற்றலின் உடல், உணர்வின் உடல், 'நான்' என்னும் தன்மை ஆகிய வேறு மூன்றும் அவனிடம் உள என்பது அவர் கூற்று. பிறப்பில் பருவுடல் வெளிப்படுகின்றது. ஏழாம் ஆண்டளவில், பல் மாறும்போது, உயிர்ப்புடல் தன் உறையினின்று விடுபடுகின்றது. பதினான்காம் ஆண்டளவில், பூப்புப் பருவத்தில், உணர்வுடல் விடுபடுகின்றது. இருபத்தோராம் ஆண்டில் 'நான்' முழுமை பெறுகின்றது. நம் நாட்டுக் கோசக் கொள்கையை அறிந்தார்க்கு இப்பாகுபாட்டின் சாயல் புதியதன்று. பிரமஞான சபையாரின் நூல்வழி அவர் பெற்ற சொற்பொருள் இவற்றில் உண்டு.

இக்கொள்கையினின்று எழும் கல்வி விதி எளிதிற் கூறத் தக்கது. முதல் ஏழாண்டில் குழந்தை பின்பற்றிச் செய்து கற்கின்றது; ஆகவே அறிவுரை வேண்டா, சுற்றியுள்ளார் செயல் செம்மையாக இருந்தாற் போதும். இரண்டாம் ஏழாண்டில் தான் நேசித்து மதிக்கும் ஆசிரியர் வழியாகக் கற்கின்றது. ஆகவே கருத்தைக் காட்டிலும் படிமமும் கதையும் இசையும் ஏற்றன. மூன்றாம் ஏழாண்டில்தான் தானே ஆராய்ந்து முடிவு காணும் ஆற்றல் மலர்கின்றது. உலகம் நன்று, உலகம் அழகிது, உலகம் உண்மை என மூன்று பருவங்கட்கும் மூன்று உணர்வுகளை ஸ்டைனர் உரியவாக்கினார். உயிர்ப்புடலைப் பற்றிய கூற்றுத்தான் எழுத்துப் பிரச்சினைக்குத் திறவுகோல். உடலை வளர்த்துக் கொண்டிருந்த ஆற்றலே பல் மாறிய பின் விடுபட்டு நினைவாற்றலாக மாறுகின்றது என்றும், அதனை முன்னரே பிடுங்கி எழுத்துக்குச் செலவிட்டால் உடல் நலிவுறும் என்றும் அவர் கருதினார். இதற்கு உடலியலில் யாதொரு சான்றும் இல்லை. பல் மாறுதலும் ஏழாம் ஆண்டில் நிகழ்ந்து முடியும் ஒரு நிகழ்ச்சியன்று. ஆறு வயதளவிற் தொடங்கிப் பன்னிரண்டளவு வரை நீள்வது.

ஏழாண்டுக் கணக்கு ஸ்டைனர் கண்டதும் அன்று. கிரேக்க நாட்டுச் சட்ட வல்லுநரும் கவிஞருமாகிய சோலோன், மனித வாழ்வைப் பத்து ஏழாண்டுகளாக வகுத்துப் பாடியுள்ளார். அவர்க்கும் முதல் ஏழின் அடையாளம் பல் மாறுதலே. இரண்டாம் ஏழின் அடையாளம் பூப்பே. நம் பாட்டியல் நூல்களைப் புரட்டினாலும் இவ்வெண் எதிர்ப்படுகின்றது. ஆடவர் பருவங்களை வகுக்கும் பன்னிருபாட்டியல் பாலன் என்னும் பருவத்துக்கு ஏழு என எல்லை கூறும். மீளிக்குப் பத்து, மறவோனுக்குப் பதினான்கு என மேலும் வகுக்கும். மகளிர் எழுவகைப் பருவங்களுள் பேதைக்கு எல்லை ஏழு எனப் பெரும்பாலும் கொள்வர். எண்கள் நூலுக்கு நூல் சிறிது மாறுபடும். இவ்வொப்புமை கண்டு, ஸ்டைனர் கூறியதை நம் முன்னோர் முன்னரே கூறினர் என எழுதுவதற்குச் சிலர்க்குக் கை துடிக்கும். அவ்வாறு எழுதுதல் ஆராய்ச்சியாகாது. பாட்டியலார் வகுத்தது உலா முதலிய செய்யுள் வகைகளின் மரபுக்கென்று, கல்விக்கென்று அன்று. பல் மாறுதலும் பூப்பும் யாண்டும் காணப்படும் உடல் மாற்றங்கள் ஆதலின், அவற்றைக் கொண்டு வயதை வகுப்பார் எந்நாட்டிலும் ஏறத்தாழ இவ்வெண்களையே அடைவர். அதற்கு மேல் இவ்வொற்றுமையால் நிறுவப்படுவது ஒன்றுமில்லை.

எண் நிலையானதன்று என்பதற்கு வேறு சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஸ்டைனர் விட்டுப் பிரிந்த அடையாற்றுக்கே 1939-இல் இத்தாலிய மருத்துவரும் கல்வியறிஞருமாகிய மரியா மாண்டிசோரி அம்மையார் வந்து ஆசிரியர்கட்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்திற் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் தங்கினார். அவரும் குழந்தையைப் பருவங்களாகக் கண்டவரே. ஆயின் அவர் வகுத்தது ஆறாண்டுக் கணக்கு: ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து நான்கு. சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் ழான் பியாஜே வகுத்த எல்லைகளோ இரண்டு, ஏழு, பதினொன்று அல்லது பன்னிரண்டு. மூவரும் குழந்தையைக் கூர்ந்து நோக்கியவர். மூவரும் மூன்று கணக்குத் தந்தனர். பிற்கால உளவியலார், குழந்தையின் திறன் படிக்கட்டு ஏறுவது போல் ஒரே அடியில் எல்லாத் துறையிலும் உயர்வதில்லை என்றும், ஒரு துறையில் முந்தியும் மற்றொன்றிற் பிந்தியும் வளர்வது என்றும் காட்டியுள்ளனர்.

பருவம் என்னும் கருத்தையே கைவிட வேண்டுமோ எனின், வேண்டா. பருவத்தை அளக்கும் கோல் எது என்பதே வினா. பிள்ளைத்தமிழ் இவ்விடத்தில் நமக்கு ஒரு தெளிவு தரவல்லது. அதன் பருவங்கட்கு மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் என மாதக் கணக்கு வகுத்தவர் இலக்கண நூலார். ஆயின் பருவங்களின் பெயர்கள் மாதத்தால் வந்தனவல்ல. பெரும்பாலும் செயலால் வந்தன. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலையெடுத்து அசைந்தால் செங்கீரை. கை கொட்டினால் சப்பாணி. தளர்நடையிட்டு வந்தால் வருகை. குழந்தை இன்னது செய்கின்றது, ஆதலின் இது பருவம் என்பதே பெயர் கூறும் செய்தி. ஸ்டைனரும் முதல் மூன்றாண்டுகளைப் பற்றிப் பேசும்போது இக்கோலையே கொண்டார். நடத்தல், பேசுதல், எண்ணுதல் என்னும் வரிசையைக் கூறினாரேயன்றி மாதம் கூறித் தளைப்படுத்தவில்லை. அவர் கொள்கையுள் வலியது இப்பகுதி. ஏழின் மடங்காகக் கணக்கிடும் பகுதி மெலியது.

இனிப் பள்ளிக்குள் செல்வோம். வால்டார்ஃப் பள்ளியில் ஒரே ஆசிரியர் முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அக்குழந்தைகளோடு உடன் செல்வது தொல்வழக்கு. காலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒரே பாடம், அப்பாடமே மூன்று நான்கு வாரம் தொடரும், பின் வேறொன்று. கீழ்வகுப்புகளில் மதிப்பெண் இல்லை. ஆணும் பெண்ணும் பின்னல் வேலை கற்பர். ஒலியையும் இசையையும் உடலசைவாற் காட்டும் 'யூரித்மி' என்னும் கலை உண்டு. முதல் வகுப்பிலிருந்தே அயல்மொழி உண்டு. அதுவும் பேச்சாகவும் பாட்டாகவும் மட்டும். இவை பலராலும் எழுதப்பெற்றவை; விரிக்க வேண்டுவதில்லை. நாம் நின்று நோக்க வேண்டியது மொழிப்பாடம் நடைபெறும் முறை.

முதல் வகுப்பில் ஆசிரியர் கதை சொல்லுகின்றார். நூலைக் கையிற் பிடித்துப் படிப்பதில்லை. மனங்கொண்டு, குழந்தைகளின் முகம் நோக்கிச் சொல்லுகின்றார். அன்று அக்கதை பற்றி வினா எழுப்புவதில்லை. மறுநாள் குழந்தைகள் தம் வாய்மொழியால் அதனைத் திருப்பிச் சொல்லுகின்றனர். அதன் பின்னர் வரைகின்றனர். எழுத்து வந்த பின்னர், அதிலிருந்து ஓரிரு தொடரை எழுதுகின்றனர். அச்சிட்ட பாடநூல் கீழ்வகுப்பில் இல்லை. குழந்தை தானே எழுதித் தானே படம் வரைந்த ஏடே அதன் பாடநூல். கதைகட்கும் வரிசை உண்டு. முதலாண்டில் நாட்டார் மாயக்கதைகள். இரண்டாமாண்டில் விலங்குக் கதைகளும் அறவோர் வரலாறுகளும். மூன்றாமாண்டில் விவிலியப் பழைய ஏற்பாடு. நான்காமாண்டில் வடபுலத்துத் தொன்மங்களும் அடுத்த ஆண்டில் கிரேக்கத் தொன்மங்களும் இடம்பெறுதல் இன்று பெருவழக்கு. ஒன்பது வயதளவில் குழந்தை தன்னை உலகினின்று வேறாக உணரத் தலைப்படுகின்றது என ஸ்டைனர் கருதினார். சீசர் கடந்து மீளாத ரூபிகன் ஆற்றை அதற்கு உவமையாக்கினார். விலங்குகள் பேசும் கதைகள் அதற்கு முன். விலங்கை விலங்காகவே நோக்கும் இயற்கைப் பாடம் அதற்குப் பின். வீடு கட்டலும் உழவும் அவ்வயதில் வருவதும், உலகினின்று வேறுபட்டு நிற்கத் தொடங்கிய குழந்தைக்கு அவ்வுலகில் ஓர் இடம் காட்டுதற் பொருட்டே.

எழுத்து எவ்வாறு வருகின்றது? வரைதலிலிருந்து எழுதுதல், எழுதுதலிலிருந்து படித்தல் என்பது வரிசை. தொடக்கத்தில் நேர்கோடும் வளைகோடும் வண்ணக் கோல்களால் வரைகின்றனர். பின் ஒரு கதை. அக்கதையில் ஒரு மீன். ஜெர்மன் மொழியில் மீனுக்கு 'ஃபிஷ்' என்று பெயர். மீனை வரைந்து, வரைந்த படத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்கினால், அச்சொல்லின் முதல் ஒலிக்குரிய எழுத்து எஞ்சி நிற்கின்றது. வாய்க்கு 'முண்ட்' என்பது பெயர்; மேலுதட்டின் வளைவை வரைந்தால் மகர ஒலிக்குரிய உரோமன் எழுத்து தோன்றுகின்றது. பெரியவர்கள் குழந்தைமேற் சுமத்தும் வெற்று அடையாளமாக எழுத்து வந்துவிடாமல், குழந்தை தானறிந்த பொருளிலிருந்து பிறந்ததாகத் தோன்றுதல் இதன் நோக்கம்.

எழுத்து வரலாறு அறிந்தார்க்கு இங்கே ஒரு தடை எழும். உரோமன் எழுத்துகளின் மூலம் செமித்திய எழுத்துகள். அவற்றுள் மகர எழுத்து நீரின் பெயரால் வழங்கியது. வாயோடு அதற்குத் தொடர்பில்லை. ஃபகர எழுத்து கொக்கியின் பெயர் தாங்கியதிலிருந்து வந்தது, மீனிலிருந்து அன்று. எழுத்துகள் படங்களிலிருந்து வளர்ந்தன என்னும் வரலாற்றை ஸ்டைனர் அறிந்தவரே. ஆயினும் ஆசிரியர் அவ்வரலாற்றைத் தேடி அலைய வேண்டா, தம் கற்பனையாலேயே படங்களைப் படைத்துக்கொள்ளலாம் என்றார். கற்பித்தல் உத்தி என்ற அளவில் இதனை ஒப்பலாம். தமிழுக்கு இவ்வுத்தி எளிதில் வாய்ப்பதன்று. நம் எழுத்துகளின் பழைய வடிவாகிய தமிழ்ப் பிராமியிற் ககரம் குறுக்கும் நெடுக்குமான இரு கோடுகளே. படத்தின் சாயல் அதில் இல்லை. இன்றைய வடிவங்களில் வலிந்து படம் காண்பார், ஓரிரு எழுத்துகளில் வெற்றி பெற்று ஏனையவற்றில் நகைப்புக்கு இடமாவர்.

ஆயினும் வாயை வரைந்து மகரம் காட்டிய இடம் நம் சிந்தனைக்கு உரியது. ஸ்டைனர் நோக்கியது உதட்டின் வடிவத்தை. தொல்காப்பியப் பிறப்பியல் நோக்கியது உதட்டின் தொழிலை. இதழ் இரண்டும் கூடப் பகரமும் மகரமும் பிறக்கும் என்பதும், நா அண்ணத்தை எங்கெங்கே பொருந்த எவ்வெவ்வெழுத்துப் பிறக்கும் என்பதும் அவ்வியலின் செய்தி. ஐந்து வயதுக் குழந்தைக்கு நூற்பா வேண்டா. ஆயின் 'அம்மா' என்று சொல்லும்போது தன் இதழ் மூடித் திறப்பதைக் குழந்தை தொட்டு உணர முடியும். 'பாப்பா' என்னும்போதும் அதே இதழ் என்பதைக் கண்டு மகிழவும் முடியும். தமிழில் எழுத்துக்கு முன் செல்ல வேண்டிய படிமம் கண்ணுக்குரிய படமன்று, வாய்க்குரிய அசைவு என நாம் கருதுகின்றோம். வால்டார்ஃப் முறையைத் தமிழுக்குக் கொணர விரும்புவார், மீனையும் உதட்டையும் மொழிபெயர்ப்பதினும் இவ்வழியில் முயலுதல் பயன்தரும்.

இலக்கணப் பாடத்திலும் ஸ்டைனரின் நோக்கு மொழியாராய்ச்சியாளர் கவனத்துக்கு உரியது. குழந்தை அறியாமலே பேசிவரும் மொழியை அறிந்து பேசுமாறு செய்வதே இலக்கணம் என்றார். பெயர்ச்சொல்லைச் சொல்லும்போது நாம் பொருளினின்று விலகி நின்று அதனைச் சுட்டுகின்றோம். பண்பைச் சொல்லும்போது அதனோடு ஒன்றுகின்றோம். வினையைச் சொல்லும்போது அச்செயலில் உள்ளத்தாற் பங்குகொள்கின்றோம் என்பது அவர் விளக்கம். 'நாற்காலி' என்பதற்கும், 'நீலம்' என்பதற்கும், 'ஓடுகிறான்' என்பதற்கும் குழந்தையின் உடல் வெவ்வேறாக இசைகின்றது. வினைச்சொற் பாடம் ஓடியும் குதித்தும் நடத்தப்படுவது இதனால். இவ்விளக்கத்தை நம் நால்வகைச் சொற்பாகுபாட்டோடு பொருத்திக் காட்ட முயல்வது வீண். உரிச்சொல்லும் ஜெர்மானிய மொழியின் பண்புச்சொல்லும் ஒன்றல்ல. ஆயின் வரையறையை மனப்பாடம் செய்வித்து, எடுத்துக்காட்டைப் பின்னர்க் கூறும் நம் வகுப்பறை வழக்கத்துக்கு இது நேர்மாறானது என்பதும், குழந்தைக்கு இயல்பானது என்பதும் மறுக்கவியலா.

வயதுப் பிரச்சினைக்கு மீள்வோம். மாண்டிசோரி அம்மையார் நான்கு வயதளவிலேயே எழுத்தைத் தந்தார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவி, அதன் ஒலியை வாயாற் சொல்லும். ஸ்டைனரோ ஏழு வரை காத்திரு என்றார். இருவரும் குழந்தையின் இயல்பையே சான்றாகக் காட்டினர். வயதில் இத்துணை மாறுபட்ட இருவரும் வரிசையில் ஒன்றுபட்டுள்ளனர்: படித்தலுக்கு முன் எழுதுதல், கண்ணுக்கு முன் கை. நம் திண்ணைப் பள்ளியில் ஐந்து வயதுச் சிறுவன் மணலில் விரலால் எழுதினான். எழுதும்போதே உரக்கச் சொன்னான். அங்கும் வாயும் கையும் முந்தின; கண் பிந்தியது. அப்பள்ளியின் பிரம்பையும் பொருளறியா மனப்பாடத்தையும் நாம் போற்றவில்லை. வெவ்வேறான மூன்று இடங்களில் ஒரே வரிசை அமைந்திருத்தலைத்தான் சுட்டுகின்றோம். வயது வேறுபடுகின்றது; வரிசை வேறுபடவில்லை.

காத்திருத்தலால் கேடு உண்டோ என்பதற்கு நியூசிலாந்தில் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. ஐந்து வயதிற் படிக்கத் தொடங்கிய அரசுப் பள்ளிக் குழந்தைகளையும், ஏழு வயதிற் தொடங்கிய ஸ்டைனர் பள்ளிக் குழந்தைகளையும் செபாஸ்டியன் சகேட் என்பாரும் உடனாய்ந்தோரும் ஒப்பிட்டனர். முடிவுகள் 2013-இல் ஆய்விதழில் வெளிவந்தன. தொடக்கத்தில் முன்னவர் முந்தினர். பதினோரு வயதளவில் இருசாராரும் வாசிப்புத் திறனிற் சமமாயினர். பொருளுணர்தலிற் பின்னவர் சற்று மேம்பட்டும் நின்றனர். ஈராண்டு பிந்தியதால் இழப்பு இல்லை என்பதே இதனாற் பெறப்படுவது. உயிர்ப்புடல் விடுபட்டது என்னும் கொள்கைக்கு இது சான்றாகாது. பேச்சிலும் கதையிலும் சொல்வளம் பெற்ற குழந்தை, எழுத்தை விரைந்து பற்றிக்கொள்கின்றது என்றே விளக்கம் கூறலாம். அது போதியதும் ஆகும்.

கொள்கையின் பிற பகுதிகளை இத்துணை மென்மையாக நோக்குதற்கில்லை. குழந்தைகளைப் பித்தக் கூறு முதலிய நால்வகை மனப்பாங்கினராகப் பகுத்து அதற்கேற்ப வகுப்பில் அமர்த்தும் வழக்கம், கிரேக்க மருத்துவத்தின் எச்சம். இன்றைய உளவியலில் அதற்கு இடமில்லை. ஸ்டைனரின் சொற்பொழிவுகளிற் சில, மனித இனங்களை நிறம்பற்றி ஏற்றத்தாழ்வாக வரிசைப்படுத்துவன. அவற்றைப் படிக்கும் எந்தத் தமிழ் மாணாக்கரும் தம் இடம் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று கேளாதிரார். ஜெர்மனியின் வால்டார்ஃப் பள்ளிகளின் கூட்டமைப்பு 2007-இல் ஸ்டுட்கார்டில் இனவேற்றுமைக்கு எதிராக அறிக்கை வெளியிட்டு அவற்றினின்று தன்னை விலக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகம், பாடநூல்கள் அறிவியல் அடிப்படை உடையன அல்ல எனக் கூறி, வால்டார்ஃப் ஆசிரியப் பயிற்சியை ஏற்று நடத்துதலை நிறுத்தியது. மறுபுறம், நாஜி அரசு 1938-இல் ஸ்டுட்கார்ட் பள்ளியை மூடியது என்பதும், 1945-இல் அது மீண்டும் திறக்கப்பெற்றது என்பதும் கூறாதொழியின் நடுவுநிலை ஆகாது. இன்று உலகில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் இம்முறையைத் தழுவுகின்றன. நம் நாட்டில் ஐதராபாத்திலும் மும்பையிலும் உள்ளவை அறியப்பெற்றவை.

எஞ்சி நிற்பது ஒரு வினா: காத்திருக்க வல்லார் யார்? சிகரெட்டுத் தொழிலாளர் மக்கட்குத் தொடங்கிய பள்ளி, பின்னர்ப் பல நாடுகளில் கட்டணம் செலுத்த வல்ல கற்றோர் குடும்பங்களின் பள்ளியாயிற்று. அக்குடும்பத்துக் குழந்தை ஏழு வயது வரை பள்ளியில் எழுத்தைக் காணாவிடினும், வீட்டில் நூல்களின் நடுவே வளர்கின்றது. தாயோ தந்தையோ இரவில் படித்துக் காட்டுவதைக் கேட்கின்றது. தெருவிற் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்ட ஒருவர் உடன் நடக்கின்றார். அக்குழந்தையின் காத்திருத்தல் வெறுமையன்று. வீட்டில் எழுத்தறிந்தார் ஒருவரும் இல்லாத குழந்தைக்கு இவை இல்லை. கதை சொல்லும் ஆசிரியரும், பாட்டும், வாய்ப்பயிற்சியும் நாள்தோறும் வாய்க்குமாயின் அக்குழந்தையும் ஏழு வரை காத்திருக்கலாம். 1919-இல் அந்த 191 பேருள் முதல் வகுப்பிற் சேர்ந்த குழந்தைகட்குக் கிடைத்தது அதுவே; எழுத்து பிந்தியது, ஆயின் மொழி பிந்தவில்லை. முப்பத்தைந்து நாற்பது குழந்தைகட்கு ஓர் ஆசிரியர் இருந்து, கதைக்கு நேரமின்றிப் பதிவேடு நிரப்பும் வகுப்பில், 'பருவம் வரவில்லை' என்று எழுத்தைத் தள்ளிவைத்தால் அக்குழந்தை இழப்பது ஈராண்டு. அவ்வீராண்டை அதற்கு வீட்டில் ஈடுசெய்வார் இல்லை.